ரத்தம் எடுக்கப் பழகுவோருக்கு

கேள்வி: ஆய்வக நுட்பப் பட்டயப் படிப்பு படிக்கிறேன். பயிற்சிக்கு வைத்திருக்கும் செயற்கைக் கையில் தடுமாற்றம் இல்லாமல் ஊசி போட முடிகிறது. ஆனால் நோயாளிகளிடம், குறிப்பாகப் பருமனானவர்களிடமும் முதியவர்களிடமும், நரம்பு கிடைக்காமல் திணறுகிறேன். என்ன செய்வது?
- மாணவி, திருநெல்வேலி

பதில்: நீங்கள் நரம்பு என்று சொல்வது சிரை, அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுசெல்லும் குழாய். செயற்கைக் கையில் அது எப்போதும் ஒரே இடத்தில் இருக்கும், மனிதர்களிடம் ஒவ்வொரு முறையும் அதைத் தேடித்தான் ஆக வேண்டும். நீங்கள் குத்தும் முறையில் குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. தேடலுக்கு இன்னும் சற்று நேரம் கொடுங்கள். நீலமாகத் தெரியும் சிரைகள் பல மெல்லியவை. நம்பத் தகுந்தது பல சமயம் கண்ணுக்கே தெரியாது. ஆள்காட்டி விரல் நுனியால் முழங்கை மடிப்பை அழுத்தி விடும்போது மெத்தென்று அமுங்கி மீண்டும் எழுவது சிரை. துடித்தால் அது தமனி, இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுவரும் குழாய். கயிறுபோல் விறைத்து நின்றால் தசைநாண்.

மடிப்பின் நடுவே செல்லும் சிரையை முதலில் தேடுங்கள். அது பெரியது, எளிதில் நகராது. பருமனானவர்களிடம் அது அகப்படாவிட்டால், கட்டைவிரல் பக்கமாக மேலேறும் சிரையைத் தடவிப் பாருங்கள். சுண்டுவிரல் பக்கத்துச் சிரையின் அருகே தமனியும் உணர்வைக் கடத்தும் முக்கிய நரம்பும் செல்வதால், அதைக் கடைசித் தேர்வாகவே வைத்துக்கொள்ளுங்கள். முதியவர்களிடம் சிரை தெளிவாகத் தெரிந்தாலும் ஊசி பட்டதும் விலகிவிடும். குத்தும் இடத்துக்குச் சற்றுக் கீழே கட்டைவிரலால் தோலை இழுத்துப் பிடித்தால் நிலைத்து நிற்கும். மெலிந்த சிரைக்கு 23 கேஜ் அளவுள்ள மெல்லிய ஊசி போதும். சொட்டு மருந்து ஏறும் கையிலும், டயாலிசிஸுக்கு அறுவை செய்த கையிலும் எடுக்கக் கூடாது.

கட்டுப்பட்டையைக் குத்தும் இடத்துக்கு நான்கைந்து விரல் அகலம் மேலே கட்டுங்கள். 1 நிமிடத்துக்கு மேல் இறுக்கி வைக்காதீர்கள். தேடல் நீண்டால் அவிழ்த்துவிட்டு, 2 நிமிடம் கழித்து மறுபடி கட்டலாம். "கையை மூடி மூடித் திறங்கள்" என்று நோயாளியிடம் சொல்லும் வழக்கத்தை நான் கடுமையாகவே எதிர்க்கிறேன். அதனால் பொட்டாசியம் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும், அந்த எண்ணை நம்பி மருத்துவர் தேவையற்ற சிகிச்சையைத் தொடங்க நேரலாம். 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்தபின் 30 நொடி உலர விடுங்கள். துடைத்த இடத்தை மீண்டும் தொடாதீர்கள். ஊசியின் சாய்ந்த வாய் மேல்நோக்கி இருக்க, 30 பாகைக்கு மிகாத சாய்வில் செலுத்துங்கள்.

கிடைக்காதபோது ஊசியை உள்ளே வைத்துக்கொண்டே பக்கவாட்டில் துழாவுவது நரம்பைக் காயப்படுத்தும். மின்சாரம் பாய்ந்ததுபோல் வலிப்பதாக நோயாளி சொன்னால், கட்டுப்பட்டையை அவிழ்த்து உடனே ஊசியை எடுத்துவிடுங்கள். இருமுறை முயன்றும் முடியாவிட்டால் மூத்தவரை அழையுங்கள். மூன்றாவது குத்தைத் தாங்கும் கடமை எந்த நோயாளிக்கும் இல்லை.

கேள்வி: ஒரே நேரத்தில் பல குழாய்களில் ரத்தம் பிடிக்கும்போது குழாய் மூடிகளின் நிற வரிசை அவ்வளவு முக்கியமா?
- வாசகர், மதுரை

பதில்: மிகவும் முக்கியம். ஊதா மூடிக் குழாயில் இருப்பது ரத்தம் உறையாமல் தடுக்கும், பொட்டாசியம் கலந்த ஈடிடிஏ உப்பு. அதில் சிறிதளவு அடுத்த குழாய்க்குச் சென்றாலும் பொட்டாசியம் ஏறியதாகவும் கால்சியம் இறங்கியதாகவும் முடிவு வரும். கிருமி வளர்ப்புக்கான புட்டி முதலில், பிறகு நீலம், சிவப்பு அல்லது மஞ்சள், பச்சை, ஊதா, கடைசியாகச் சாம்பல் என்பதே முறை. நீலக் குழாயைக் குறியளவு வரை நிரப்புங்கள். அதில் இருக்கும் உறைதடுப்பு மருந்து சிட்ரேட். 9 பங்கு ரத்தத்துக்கு 1 பங்கு சிட்ரேட் என்ற விகிதம் குலைந்தால் உறைதல் நேரம் தவறாகும். மருந்துள்ள குழாய்களைக் குலுக்காமல், மெல்லக் கவிழ்த்து நிமிர்த்துங்கள்.

வரிசை சரியாக இருந்தும் பெயர் மாறினால் எல்லாம் வீண். "நீங்கள்தானே செல்வி?" என்று கேட்டால், காது மந்தமானவரும் பயந்திருப்பவரும் ஆமாம் என்றே தலையாட்டுவார்கள். ஆகவே பெயரையும் வயதையும் அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லி, சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குழாயில் பெயர் ஒட்டுவதை ரத்தம் எடுத்தபின், அவர் கட்டிலருகிலேயே முடித்துவிட்டு அடுத்தவரிடம் செல்லுங்கள்.