காற்றுத் தகட்டை மூடினாலும் நெருப்பு அடங்கவில்லை

கேள்வி: 2022இல் காஸ் தட்டுப்பாடு வந்த நேரம், குசினியில் இருந்த பழைய புகைக்கூட்டு அடுப்புக்குள் கதவு வைத்த இரும்புப் பெட்டி அடுப்பொன்றைச் செய்வித்துப் பொருத்தினோம். கீழே காற்றுக்கு இழுப்புத் தகடு உண்டு. நான் ஓடருக்குத் தொதல் (அரிசிமா, தேங்காய்ப்பால், சர்க்கரை போட்டுக் கிண்டும் இனிப்பு) கிண்டிக் கொடுக்கிறேன். கடைசியில் நெருப்பைத் தணிக்கத் தகட்டை முழுதாக மூடினாலும் அது பாட்டுக்கு எரிகிறது, தொதல் அடிப்பிடிக்கிறது. மழை நாளிலோ குசினி முழுக்கப் புகை. புகைக்கூட்டுக்குள் ஓர் அடைப்புத் தகடு போடச் சொல்கிறார்கள். போடலாமா?
– வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: இப்போதைக்குப் போடாதீர்கள். உங்கள் அடுப்பில் இருப்பது இரண்டு கோளாறு. இரண்டுக்கும் காரணம் வேறு வேறு.

இழுப்புத் தகடு தன் வழியாகப் போகிற காற்றை மட்டும்தான் தடுக்கும். நெருப்பு அந்த வழியை நம்பி இருக்க வேண்டுமே! கதவு விளிம்பு, சாம்பல் தட்டு, ஒட்டு விட்டுப்போன மூலை என்று எங்கே நீக்கல் இருந்தாலும் அங்கே காற்று நுழையும். சூடேறிய புகைக்கூடு மேலே இழுத்துக்கொண்டே இருப்பதால், தகட்டை மூட மூட அந்த இழுப்பு முழுதும் நீக்கல்கள் மேல்தான் விழும். நீங்கள் மூடியும் நெருப்பு அசையாததற்கு இதுதான் காரணமாக இருக்கும்.

முதலில் தகடு உண்மையிலேயே மூடுகிறதா என்று பாருங்கள். தகடு ஓடும் தடத்தில் சிறு கரித்துண்டு சிக்கினாலே போதும், அரை அங்குலம் திறந்து நிற்கும். கடலோர ஊர்களில் உப்புக்காற்றால் கறள் பிடித்துத் தகடு வளைந்தும் போகும். அப்புறம், அடுப்பு ஆறியிருக்கும்போது இரவில் குசினி லைட்டை அணைத்து, உள்ளே டோர்ச் லைட்டைக் கொளுத்தி வைத்துக் கதவைச் சாத்துங்கள். வெளிச்சம் கசியும் இடமெல்லாம் காற்றுக்கு வாசல். கதவிடுக்கில் ஒரு தாளை வைத்துச் சாத்தி இழுத்தும் பார்க்கலாம். சும்மா வந்துவிட்டால் அந்த இடத்தில் கதவு படியவில்லை. இந்தச் சோதனையைப் பிணைச்சல் பக்கத்திலும் செய்யுங்கள், பலர் கொளுக்கிப் பக்கத்தோடு விட்டுவிடுவார்கள். அடுப்பு எரியும்போது கொளுத்திய ஊதுபத்தியைப் பொருத்துகளின் ஓரமாக மெதுவாகக் கொண்டுபோனால், புகை எங்கே உள்ளே வளைகிறதோ அதுவே ஓட்டை.

என் சந்தேகம் சாம்பல் தட்டுக் கதவின் மேல். அது நெருப்புக்கு நேர் கீழே இருக்கிறது. அங்கே ஒரு சின்ன நீக்கல் போதும், கொல்லன் துருத்தி மாதிரி ஊதிக் கொடுக்கும்.

கதவுகளுக்குச் சூடு தாங்கும் கண்ணாடி நார்க் கயிறு போட வேண்டும். உங்கள் கதவில் கயிறு உட்கார வழி இருக்காது என்று நினைக்கிறேன். ஒட்டு வேலைக்காரரிடம் சொல்லிக் கதவின் உட்புறம் பட்டை இரும்பை இரண்டு வரியாக ஒட்டுவித்தால் நடுவே கயிறு அமரும். கயிற்றை இழுத்து ஒட்டாதீர்கள், மெலிந்துபோகும். மலிவு என்று அஸ்பெஸ்டஸ் கயிறு தந்தால் வாங்காதீர்கள். சாதாரண சிலிக்கன் பசை கருகிவிடும். மூலை வெடிப்புகளுக்குப் புற்றுமண்ணோடு உமிச்சாம்பல் குழைத்துப் பூசலாம், வெடிக்க வெடிக்கத் திரும்பப் பூச வேண்டும், அவ்வளவுதான். தகரம் மெல்லியதாகிக் கதவே கோணியிருந்தால் பூச்சில் காசைக் கொட்டாமல் கதவை மாற்றுங்கள்.

இதெல்லாம் செய்தாலும் தகட்டை மூடிய உடனே நெருப்பு படுத்துவிடாது. பிடித்த விறகு எரியக்கூடிய ஆவியை விட்டுக்கொண்டுதான் இருக்கும். சிரட்டை நிறையப் போட்டிருந்தால் எந்தத் தகடும் உங்களைக் காப்பாற்றாது. தொதல் எண்ணெய் விடத் தொடங்கும் நேரம் அடுப்பில் தணல் மட்டும் இருக்கும்படி, முன்கூட்டியே விறகு போடுவதை நிறுத்துங்கள். பெட்டி நிறைய விறகு இருக்கும்போது காற்றை ஒரேயடியாக அடைக்கவும் கூடாது. எரியாத புகை உள்ளே தேங்கி நிற்கும். கதவைப் படாரென்று திறந்தால் முகத்துக்கு நேரே பாயும். திறக்கும்போது முதலில் இழுப்புத் தகடு, பிறகு கதவைச் சற்று நீக்கி ஒரு நிமிடம், அதன்பின் முழுதாக.

சரி, மழைக்காலப் புகை. பழைய புகைக்கூட்டுக்குள் பெட்டி அடுப்பு வைக்கிறவர்கள் இரும்புக் குழாயை ஒன்றிரண்டு அடி மேலே செருகிவிட்டுப் போய்விடுகிறார்கள். சுற்றியுள்ள இடைவெளியால் குசினிக் காற்று ஏறிப் புகையைக் குளிர்விக்கிறது, அகன்ற செங்கற்கூடும் ஈரத்தில் குளிர்ந்து கிடக்கிறது. ஆறிய புகை ஏறாது. அடுப்பில் புகை வெளியேறும் வாயின் அதே அகலத்தில் குழாயை உச்சிவரை கொண்டுபோய், அடியில் இடைவெளியைத் தகட்டால் அடையுங்கள். குழாய் கூரைக்கு மேல் குறைந்தது 3 அடி நிற்க வேண்டும். சுற்றிலும் 10 அடிக்குள் கூரை முகடோ சுவரோ உயர்ந்திருந்தால் அதைவிட 2 அடி கூட. மார்கழி மழையில் நனைந்த விறகைத் திணித்துக் காற்றையும் அடைத்தால் குழாய்க்குள் கருந்தார் படியும். ஒருநாள் அதுவே தீப்பிடிக்கும். மழைக்காலம் தொடங்கு முன் ஒருமுறை, முடிந்தபின் ஒருமுறை குழாயைத் துடையுங்கள்.

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் விறகும் காய்ந்திருக்கும், காற்றும் இழுக்கும். நீக்கல்களை அடைத்த பிறகும் அப்போது நெருப்பு அடங்கவில்லை என்றால், அடைப்புத் தகட்டைப் பற்றி யோசிக்கலாம். ஆனால் குழாயை முழுதாக மூடும் வட்டத்தகடு வேண்டாம், கால்வாசியை வெட்டிவிடச் சொல்லுங்கள். தணல் விடும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. வெளியேற வழியில்லாவிட்டால் குசினிக்குள்தான் வரும். இழுப்பு எப்படி இருந்தாலும் ஜன்னலைச் சாத்தாதீர்கள். தகட்டின் கைபிடியைத் தகடு நிற்கும் திசையிலேயே ஒட்டுவித்தால், அது திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று கிண்டுகிற இடத்தில் நின்றே பார்த்துக்கொள்ளலாம்.