பரணிலிருந்து இறங்கிய தினசரிகள்

அன்புள்ள ஐயா,

தாத்தா காலமான பிறகு, கடலூர் திருப்பாதிரிப்புலியூர் வீட்டுப் பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கினோம். உள்ளே 1940களிலிருந்து 60கள் வரையிலான தினசரிகள். சுதந்திரம், காந்தி கொலை என்று பெரிய நாட்களின் இதழ்கள் சில உண்டு. மற்றதெல்லாம் சாதாரண நாட்கள். பெரிய செய்தி உள்ளதை மட்டும் லேமினேட் செய்துவிட்டு மீதியை எடைக்குப் போடலாம் என்கிறார் அப்பா. இன்னொன்று: புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில் ஒருவர், பாரதியார் நடத்திய ‘இந்தியா’ இதழ் ஒன்று வைத்திருப்பதாகச் சொல்லிப் பெரிய விலை கேட்கிறார். வாங்கலாமா?

கு.

அன்புள்ள கு.,

முதலில் அப்பாவை நிறுத்துங்கள். லேமினேஷன் கடையும் வேண்டாம், எடைக்கடையும் வேண்டாம்.

1947 ஆகஸ்ட் 15 இதழை அன்று வாங்கியவர்கள் பலரும் பத்திரமாக எடுத்து வைத்தார்கள். போதாததற்குப் பின்னாளில் மறுபதிப்புகளும் வந்தன. ஆக, அது முக்கியமான இதழ், ஆனால் அபூர்வமான இதழ் அல்ல. யாரும் எடுத்து வைக்காததுதான் அபூர்வம். 1943இல் ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை இதழை யார் வைத்திருப்பார்கள்? போர்க்காலக் காகிதத் தட்டுப்பாட்டில் பக்கம் குறைந்து, மெலிந்துபோய் வந்த இதழ். மறுநாளே மளிகைக் கடையில் பொட்டலமாகியிருக்கும். அதில்தான் ரேஷன் அறிவிப்பும் மல்லாட்டை (நிலக்கடலை) விலையும் டூரிங் கொட்டகை விளம்பரமும் இருக்கும். சரித்திரம் எழுதுகிறவர்கள் தேடி அலைவது அதைத்தான். கோட்டையூர் ரோஜா முத்தையா பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்தவர். புத்தகம், பத்திரிகையோடு நோட்டீசு, கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் வீசியதையும் சேர்த்தார். இன்று சென்னையில் அவர் பெயரில் இருக்கும் ஆய்வு நூலகம் அந்தச் சேகரிப்பிலிருந்து எழுந்ததுதான்.

உங்கள் ஊருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 1947இல் சுதந்திரம் கடலூரோடு நின்றுவிட்டது. புதுச்சேரியில் அப்போதும் பிரெஞ்சுக் கொடிதான். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்றார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. சட்டப்படியான ஒப்படைப்புக்கு 1962 ஆகஸ்ட் 16 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெட்டியில் 1954இன் அந்த இரண்டு வாரமும் வரிசை குலையாமல் இருந்தால் உங்கள் 1947ஐ விட எனக்கு அதுதான் பெரிது. வியாபாரிகள் நவம்பர் 1 இதழைத்தான் கேட்பார்கள். காலைப் பத்திரிகையாக இருந்தால் அதில் ‘இன்று நடக்கப்போகிறது’ என்றுதான் இருக்கும். நடந்ததைச் சொல்வது 2ஆம் தேதி இதழ். அதை விட்டுவிடாதீர்கள்.

சரி, ‘இந்தியா’வுக்கு வருவோம். 1906இல் சென்னையில் தொடங்கிய வாரப் பத்திரிகை. 1908இல் ஆசிரியராகப் பதிவாகியிருந்த சீனிவாசன் சிறைக்குப் போன பின், பிரிட்டிஷ் போலீஸ் கை எட்டாத புதுச்சேரிக்கு வந்தது. 1910 மார்ச்சோடு நின்றது. எல்லைக்கு இந்தப் பக்கம் அதை வீட்டில் வைத்திருப்பதே வம்பு. மிஞ்சியது கொஞ்சம்தான் என்றால் ஆச்சரியமில்லை. அப்படிப்பட்ட இதழ் சந்தையில் பழைய ரேடியோவுக்கும் பித்தளைக் குத்துவிளக்குக்கும் நடுவில் கிடைக்கவே கிடைக்காது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

தாளைத் திருப்பி, எழுத்து இருக்கும் இடத்தின் பின்பக்கத்தைக் கட்டைவிரலால் மெல்லத் தடவுங்கள். ஈய எழுத்தைக் கோத்து அழுத்தி அடித்த காலம் அது. தலைப்பெழுத்து விழுந்த இடம் பெரும்பாலும் பின்னால் லேசாகப் புடைத்திருக்கும். அப்புறம் சாய்வான வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஆஃப்செட்டில் அடித்த நகல் வழவழவென்று தட்டையாக இருக்கும். லென்ஸ் வைத்தால் கறுப்புப் பகுதிகூடப் பல நகல்களில் புள்ளி புள்ளியாகத் தெரியும். தேதியையும் பாருங்கள். புதுச்சேரி ‘இந்தியா’ சனிக்கிழமை இதழ். வேறு கிழமையில் வரும் தேதி போட்டிருந்தால் வியாபாரிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகருங்கள். காகிதம் ஒரே சீராகத் தேயிலைச் சாயம் போலப் பழுத்திருந்தாலும் சந்தேகம்தான். நிஜமான பழைய தாளில் ஓரமும் மடிப்பும்தான் முதலில் கறுக்கும்.

அந்தக் கறுப்புக்குக் காரணம் மரக்கூழ். கந்தல் துணியைக் கூழாக்கிச் செய்த பழைய காகிதம் இருநூறு வருஷம் ஆனாலும் வளையும். மரத்தை அரைத்துச் செய்த மலிவுக் காகிதத்தில் அமிலம் ஊறி, ஐம்பது வருஷத்திலேயே அப்பளமாக நொறுங்கத் தொடங்கிவிடும். லேமினேட் செய்தால் அந்த அமிலத்தை உள்ளேயே வைத்துப் பூட்டுகிறீர்கள். சூடும் பசையும் வேறு சேரும். பிறகு பிரிக்கவே முடியாது. செலோடேப்பும் அப்படித்தான், சில வருஷத்தில் பழுப்புக் கறையை மட்டும் விட்டுவிட்டு உதிரும். மடிப்பைப் பிரித்து, அட்டைமேல் படுக்கையாக வையுங்கள். இடையிடையே அமிலமில்லாத தாள் கொடுங்கள். வெயில் படக்கூடாது. பீரோவின் கீழ்த்தட்டு வேண்டவே வேண்டாம். தானே, ஃபெஞ்சல் என்று புயல்கள் நம் கரையைத்தானே தேடி வருகின்றன.

எதற்கும் முன்னால், இருக்கிறபடியே ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுங்கள், விளம்பரப் பக்கம் உட்பட. பிறகு பத்திரிகையின் பெயர், தேதி, எத்தனை பக்கம் இருக்கிறது, எது கிழிந்திருக்கிறது என்று ஒரு பட்டியல் போட்டு எனக்கு அனுப்புங்கள். எந்தெந்த இதழ் நூலகங்களில் இல்லை என்று தேடிப் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை பெட்டியில் இருந்த வரிசையை மாற்ற வேண்டாம்.