"வினை அறுப்பார்" என்று எழுதியதற்கு வேலை போகுமா?

கேள்வி: வணக்கம் ஐயா. பாயான் லெப்பாசில் ஓர் அமெரிக்கக் கம்பெனியின் தொழிற்சாலையில் பதினொரு வருடமாகத் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். 2025 செப்டம்பரில் அமெரிக்க வலதுசாரி அரசியல் பேச்சாளர் சார்லி கர்க் சுட்டுக் கொல்லப்பட்ட மறுநாள் என் ஃபேஸ்புக்கில் இரண்டு வரி எழுதினேன்: "துப்பாக்கி வேண்டும் வேண்டும் என்றவருக்குத் துப்பாக்கியே வந்துவிட்டது. வினை விதைத்தவர் வினை அறுப்பார்." நண்பர்கள் மட்டும் பார்க்கும் பதிவுதான். கூட வேலை செய்யும் ஒருவர் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து எச்.ஆருக்குக் கொடுத்துவிட்டார். ஐந்து வாரம் கழித்து, கொலையைக் கொண்டாடியதாகக் காரணம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. மூன்று நாளில் பதில் தர வேண்டும். விசாரணை முடியும்வரை இரண்டு வாரம் அரைச் சம்பளத்தில் வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். நானாகவே ராஜினாமா செய்தால் ஒரு மாதச் சம்பளம் தருகிறோம் என்று எச்.ஆர். மேனேஜர் வாய்மொழியாகச் சொன்னார். அந்தச் சக ஊழியர் போலீஸ் புகாரும் செய்யப்போகிறாராம். ஜனவரியில் டெக்சாசுக்குப் பயிற்சிக்குப் போக வேண்டியவள் நான். எனக்குப் பேச்சுரிமை கிடையாதா?
— பினாங்கு வாசகி

பதில்: சகோதரி, முதல் வேலையாக அந்த ராஜினாமாக் கடிதத்தை எழுதாதீர்கள். எழுதி வைத்திருந்தால் கொடுக்காதீர்கள். கையெழுத்துப் போட்ட அந்த நிமிடமே ஆட்டம் தலைகீழாகிவிடும். கம்பெனி உங்களை நீக்கினால், நியாயமான காரணத்தோடுதான் நீக்கினோம் என்று நிரூபிக்க வேண்டியது கம்பெனி. நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால், "கட்டாயப்படுத்தினார்கள்" என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள். அதுவும் வாய்மொழியாக நடந்த பேச்சுக்கு.

உங்கள் பயம் எங்கிருந்து வருகிறது என்று புரிகிறது. செப்டம்பர் 10-ஆம் தேதி யூட்டாவில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் கர்க் சுடப்பட்டதற்குப் பிறகு, இணையத்தில் எழுதியதற்காக அமெரிக்காவில் ஆசிரியர்கள், தாதியர், விமான ஊழியர்கள் என்று பலருக்கு வேலை போனது. துணை அதிபர் வான்ஸே, இந்த மரணத்தைக் கொண்டாடுகிறவர்களைப் பற்றி அவர்களுடைய முதலாளிகளிடம் சொல்லுங்கள் என்றார். ஆனால் அங்கே பெரும்பாலான மாநிலங்களில் தனியார் முதலாளி காரணமே சொல்லாமல் ஆளை அனுப்பலாம். இங்கே மலேசியாவில் அப்படி முடியாது. தலைமையகம் டெக்சாசில் இருந்தாலும் நீங்கள் வேலை செய்வது பாயான் லெப்பாசில். 1967-ஆம் ஆண்டு தொழிலியல் உறவுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவுதான் உங்களுக்குக் குடை.

பேச்சுரிமை என்று கேட்டீர்கள். கசப்பாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், பதில் கடிதத்தில் அரசியலமைப்பின் 10-ஆவது விதியை இழுக்காதீர்கள். அது உங்களுக்கும் அரசாங்கத்துக்கும் இடையில் உள்ளது. கர்ப்பமானதால் வேலை இழந்த விமானப் பணிப்பெண் பியாட்ரிஸ் ஃபெர்னாண்டசின் வழக்கில், அரசியலமைப்பு உரிமைகளைக் கம்பெனிக்கு எதிராகக் கோர முடியாது என்று கூட்டரசு நீதிமன்றம் 2005-இலேயே சொல்லிவிட்டது. அமெரிக்கச் சட்டத்திலும் கிட்டத்தட்ட இதே கதைதான்.

அப்போது எதை வைத்துப் போராடுவது? நீங்கள் அனுப்பிய கடிதத்தையே எடுத்துக்கொள்வோம். அதில் உங்கள் இரண்டு வரிகளுக்கு ஓர் ஆங்கில மொழிபெயர்ப்பு இருக்கிறது. ஏதோ கைப்பேசிச் செயலியில் போட்டு எடுத்திருக்கிறார்கள் போல. "வினை விதைத்தவர் வினை அறுப்பார்" என்பது, செயலை நட்டவரே அறுவடை செய்யப்படுவார் என்று பொருள்படும்படி வந்திருக்கிறது. அறுத்தவர் போய், அறுபட்டவர் ஆகிவிட்டார்! தமிழ் தெரியாத ஒரு மேனேஜருக்கு அது மிரட்டல் மாதிரிதான் இருக்கும். ஆகவே, நீதிமன்றம் ஏற்கும் மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் சான்றிதழோடு மொழிபெயர்ப்பு வாங்கிப் பதிலோடு இணையுங்கள். இது நம் வீடுகளில் பாட்டிமார் சொல்லும் பழமொழி, கொலைக்கு அழைப்பு அல்ல என்று ஒரு வரியும் எழுதுங்கள்.

ஆனால் என்னிடம் வேறு மாதிரி நடிக்க வேண்டாம். அந்த வரிகளில் ஒரு சின்னத் திருப்தி தொனிக்கத்தான் செய்கிறது. ஆயுத உரிமைக்காக வருடத்துக்குச் சில துப்பாக்கிச் சாவுகளைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று 2023-இல் பேசியவர் கர்க். இறப்பதற்குச் சில நாள் முன்புகூட, இந்தியர்களுக்கு இனி விசா வேண்டாம் என்று எழுதினார். நம் ஆட்கள் கொதித்ததில் ஆச்சரியமில்லை. அதையெல்லாம் பதிலில் வாதாடப் போகாதீர்கள். அவர் எப்படிப்பட்டவர் என்பது உள்விசாரணையின் கேள்வியே இல்லை. சுட்டதை ஆதரிக்கவில்லை, யார் மனதாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன் என்று இரண்டு வாக்கியம் போதும். முக்கியமாக, "என் கணக்கை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள்" என்று எழுதிவிடாதீர்கள். வருடத்துக்கு நாலைந்து பேர் இந்தக் கதையோடு என் மேசைக்கு வருகிறார்கள். பதிவுக்கு மன்னிப்பு உண்டு, பொய்க்குக் கிடையாது.

இன்னொன்று. உங்கள் முகப்புப் படத்தைப் பார்த்தேன். தொழிற்சாலை முகப்பில் போட்ட தீபாவளிக் கோலத்துக்கு முன்னால், கழுத்தில் கம்பெனி பெயர் அச்சிட்ட பட்டையோடு நிற்கிறீர்கள். உங்கள் வழக்கின் பலவீனமே அந்தப் பட்டைதான். வேலை நேரத்துக்கு வெளியே செய்ததற்கு நடவடிக்கை எடுக்க வேண்டுமானால், அதற்கும் வேலைக்கும் தொடர்பு இருப்பதைக் கம்பெனி காட்ட வேண்டும். அந்தப் படத்தை வைத்துத்தான் காட்டுவார்கள். இப்போது அவசரப்பட்டு மாற்றினாலும் அழித்தாலும் குற்றவுணர்வு போலத் தெரியும். அவர்களிடம் ஸ்கிரீன்ஷாட் எப்படியும் இருக்கிறது. "ஸ்கிரீன்ஷாட் சாட்சியமாகாது" என்று நண்பர்கள் சொல்வார்கள், நம்ப வேண்டாம். தொழிலியல் நீதிமன்றம் நியாயத்தைப் பார்க்கும், சட்ட நுணுக்கத்தில் தொங்கிக்கொண்டிருக்காது.

உங்கள் பக்கம் என்ன இருக்கிறது? பதினொரு வருடத்தில் ஓர் எச்சரிக்கைக் கடிதம்கூட இல்லை. பதிவில் கம்பெனி பெயர் இல்லை. ஸ்கிரீன்ஷாட் எச்.ஆர். கைக்கு எப்போது போனது என்று எழுத்தில் கேளுங்கள். அன்றே போயிருந்தால், ஐந்து வாரம் சும்மா இருந்தது ஏன் என்ற கேள்விக்கு அவர்கள் பதில் சொல்ல வேண்டும். சமூக ஊடகம் பற்றிய விதி ஊழியர் கையேட்டில் இருக்கிறதா, நீங்கள் கையெழுத்திட்டீர்களா என்று பாருங்கள். மூன்று நாள் போதாது, ஏழு நாள் வேண்டும் என்று இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். இடைநீக்கத்தைப் பொறுத்தவரை கம்பெனி சட்டப்படிதான் நடந்திருக்கிறது. வேலைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு இரண்டு வாரம்வரை அதை அனுமதிக்கிறது. குற்றம் நிரூபிக்கப்படாவிட்டால் பிடித்த பாதியைத் திருப்பித் தர வேண்டும்.

அப்படியும் நீக்கிவிட்டால், நீக்கிய நாளிலிருந்து 60 நாளுக்குள் தொழிலியல் உறவுத் துறையில் மனுச் செய்ய வேண்டும். 61-ஆவது நாள் போனால் கதவு சாத்திவிடும், மேல்முறையீட்டுக்குக் காத்திருந்தேன் என்ற சாக்கெல்லாம் எடுபடாது. அங்கே சமரசம் ஆகாவிட்டால் வழக்கு தொழிலியல் நீதிமன்றத்துக்குப் போகும். நீக்கும்போது சொன்ன காரணத்தைத்தான் கம்பெனி அங்கேயும் நிரூபிக்க வேண்டும், புதிதாக வேறொன்றைக் கொண்டுவர முடியாது. ஜெயித்தால் மீண்டும் வேலை, அல்லது இழப்பீடு. நிலுவைச் சம்பளம் அதிகபட்சம் 24 மாதம்.

போலீஸ் புகாரை யார் வேண்டுமானாலும் செய்யலாம், அதனால் மட்டும் வழக்கு ஆகிவிடாது. அவர்கள் தொடக்கூடியது தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233-ஆவது பிரிவு. 2025 பிப்ரவரியில் வந்த திருத்தத்துக்குப் பிறகு அதிகபட்ச அபராதம் 5 லட்சம் வெள்ளி, சிறை 2 வருடம். கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் அதே திருத்தம், புண்படுத்துவது என்று மட்டும் இருந்ததை மிக மோசமாகப் புண்படுத்துவது என்று மாற்றியிருக்கிறது, ஒருவரைத் தொந்தரவு செய்யும் நோக்கத்தையும் காட்ட வேண்டும். உங்கள் இரண்டு வரி அந்த அளவுக்குப் போகாது என்பது என் கணிப்பு. கூப்பிட்டால் தனியாகப் போகாதீர்கள். வாக்குமூலத்தில் உங்களையே குற்றத்தில் சிக்கவைக்கக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கும் உரிமை குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 112-ஆவது பிரிவில் இருக்கிறது.

டெக்சாஸ் பயணம்தான் எனக்கு உறுத்துகிறது. இந்த மரணம் பற்றி எழுதியதற்காக ஆறு வெளிநாட்டவரின் விசாவை ரத்து செய்ததாக அக்டோபர் 14-ஆம் தேதி அமெரிக்க வெளியுறவுத் துறையே அறிவித்தது. விசா அவர்கள் வீட்டுக் கதவு, நம் நீதிமன்றம் எதுவும் செய்ய முடியாது. விசா விண்ணப்பத்தில் கடந்த ஐந்து வருடத்தில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளைக் கேட்பார்கள். ஃபேஸ்புக்கை விட்டுவிட்டு நிரப்பிவிடாதீர்கள், அந்தப் பொய் ஆயுளுக்கும் துரத்தும். பயிற்சிக்கு இந்த முறை வேறொருவரை அனுப்புங்கள் என்று நீங்களே கேட்கலாம். ஆனால் காரணம் கேட்ட கடிதத்துக்குப் பதில் கொடுத்த பிறகு, தனிக் கடிதமாக.