சித்திரை வியாபாரத்துக்குப் புடவைக்கடையில் நிற்கப்போகிறவர்களின் கேள்விகள்

இலங்கையின் கிழக்கே கல்முனையில் புடவைக்கடை வேலையில் எனக்குப் பதினான்கு வருடம். சித்திரைக்கு ஆள் எடுக்கும் காலம் இது. தங்கச்சிமாரும் தம்பிமாரும் கேட்டவற்றுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, இந்த மாதம் மட்டும் ஏன் இவ்வளவு சனம்? (களுவாஞ்சிகுடி)

பெரும்போக வேளாண்மை வெட்டி, நெல் விற்ற காசு கையில் இருக்கும். 2024இல் நோன்புப் பெருநாளும் வருடப்பிறப்பும் ஒரே வாரத்தில் வந்தன. அந்த வாரம் எங்களுக்குத் தண்ணீர் குடிக்கக்கூட நேரமில்லை. அப்புறம், பஞ்சாங்கத்தில் புத்தாண்டுக்கு உடுக்க என்ன நிறம் என்று போட்டிருக்கும். சனம் அதைக் கேட்டுத்தான் வரும். முதல் நாளே பார்த்து, அந்த நிறம் எந்தத் தட்டில் என்று தெரிந்து வையுங்கள்.

பத்துச் சாறி விரித்துக் காட்டியும் வாங்காமல் போனால்? (கல்லடி)

போகட்டும், திரும்பி வருவார்கள். அடுத்த ஆள் வருமுன் மடித்து வையுங்கள். குவிய விட்டால் விலைத்துண்டு கழன்று வேறு சாறியில் ஒட்டிக்கொள்ளும். முன்பு நின்ற கடையில் 6,500 ரூபாய்ச் சாறியை 2,500 என்று விற்றுவிட்டேன். மிச்சம் 4,000 என் சம்பளத்தில் போனது.

இரவு பத்து மணிவரை நிற்கச் சொல்கிறார்கள். தனியாகக் காசு கேட்கலாமா? (அக்கரைப்பற்று)

தாராளமாகக் கேளுங்கள். கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45. அதற்கு மேல் நின்றால் ஒன்றரை மடங்கு. மாதச் சம்பளத்தை 240ஆல் பிரித்தால் ஒரு மணித்தியாலக் கூலி வரும். 36,000 என்றால் 150 ரூபாய், ஓவர்டைம் 225.

முதல் சீசனில் நான் எதையும் எழுதி வைக்கவில்லை. கடைசியில் பத்து நாள் ஓவர்டைம் கணக்கை முதலாளி இரண்டு நாளாக்கிக் கையில் தந்தார். வாதாட என்னிடம் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை. இப்போது பில் புத்தகத்தின் பழைய அட்டையில் வந்த நேரம், போன நேரம் இரண்டையும் குறிப்பேன். ஒரு மாத வேலைதானே என்று ஊழியர் சேமலாப நிதியையும் (EPF) விட்டுவிடாதீர்கள். தற்காலிக ஆளுக்கும் முதல் நாளிலிருந்தே உண்டு: சம்பளத்தில் உங்கள் பங்கு 8 வீதம், முதலாளியின் பங்கு 12 வீதம். தராவிட்டால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம்.

உடுத்துவிட்டு மாற்றித் தா என்றால்? (ஏறாவூர்)

நீங்கள் சண்டை பிடிக்காதீர்கள். பில்லை வாங்கி முதலாளியிடம் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கவனியுங்கள். வேர்வை வாசத்தை அவரே மணந்து பார்க்கட்டும்.

கால் வலிக்கு என்ன செய்வீர்கள்? (வாழைச்சேனை)

புதுச் செருப்போடு சீசனுக்கு வராதீர்கள். இரவில் சுடுதண்ணீரில் உப்புப் போட்டுக் காலை வையுங்கள்.

தமிழ் ஆட்களும் முஸ்லிம் ஆட்களும் ஒன்றாக நிற்கும் கடையில் லீவு எப்படி? (சாய்ந்தமருது)

நோன்பு திறக்கும் நேரம், என்னோடு நிற்கும் முஸ்லிம் அக்காவான ராத்தாவின் பக்கத்தையும் நான் பார்ப்பேன். வருடப்பிறப்பன்று என் பக்கம் அவரிடம். போன முறை மருத்துநீர் வைத்து முழுகி, கைவிசேஷம் வாங்கிக்கொண்டு பத்து மணிக்குப் போனேன். என் மேசையில் ஒரு சாறிகூட விரித்தபடி கிடக்கவில்லை.