வாங்கின படம் நம்ம கையில இருக்குமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: இப்போ எல்லா படத்தையும் டவுன்லோடு பண்ணியே பார்த்துடலாம். இனிமே டிவிடி, ப்ளூரே எல்லாம் எதுக்கு சார்? டிஸ்க் கதை முடிஞ்சுதுன்னு சொல்லிடலாமா?

பார்க்கறதுன்ற அளவுல டிஸ்க் எப்பவோ தோத்துடுச்சுங்க, அதுல சந்தேகமே வேண்டாம். 1998-ல தபால்ல டிவிடி அனுப்பி தொழில ஆரம்பிச்ச நெட்ஃப்ளிக்ஸே 2023 செப்டம்பரோட அத மூடிட்டாங்க, சாம்சங் 2019-லயே அமெரிக்காவுக்கு புது ப்ளூரே பிளேயர் கொண்டு வர்றத விட்டுட்டாங்க. ஒரு தடவ பார்த்துட்டு மறந்துடப் போற படத்துக்கு டிஸ்க் வாங்கறது எனக்கே வீண் செலவாத்தான் படுது.

ஆனா மறுபடி மறுபடி பார்க்கற படம்னா விஷயம் வேற. ஆன்லைன் கடையில "வாங்கு"ன்னு ஒரு பட்டன் இருக்கு பாருங்க, அத அமுக்கினா நமக்கு கிடைக்கறது படம் இல்ல, படம் பார்க்க ஒரு அனுமதி, அவ்ளோதான். டவுன்லோடு பண்ணி வச்சாலும் அந்த ஃபைல்ல பூட்டு இருக்கு, சாவி அவங்க சர்வர்ல இருக்கு. 2022-ல ஜெர்மனி, ஆஸ்திரியாவுல சோனியோட கேம் மெஷின் பிளேஸ்டேஷனுக்கான ஆன்லைன் கடையில காசு குடுத்து வாங்கின, ஸ்டுடியோகெனால்ங்கற பிரெஞ்சு சினிமா கம்பெனியோட படங்கள், லைசென்ஸ் ஒப்பந்தம் காரணமா வாங்கினவங்க கணக்குலேர்ந்தே எடுக்கப்படும்னு அறிவிச்சாங்க. அல்ட்ராவயலட்னு பெரிய ஸ்டுடியோக்கள் சேர்ந்து நடத்தின டிஜிட்டல் லாக்கரே, அதாவது வாங்கின படங்கள ஆன்லைன்ல சேர்த்து வச்சுக்கற இடமே, 2019-ல மூடிட்டாங்க. கலிபோர்னியாவுல இதுக்காகவே சட்டம் போட்டு, 2025-லேர்ந்து இது வெறும் லைசென்ஸ்தான்னு வாங்கறவங்களுக்கு தெளிவா சொல்லணும்னு ஆக்கிட்டாங்க. ரொம்ப லேட், ஆனாலும் நல்ல சட்டம். அலமாரியில இருக்கற டிஸ்க்க யாரும் ராத்திரியோட ராத்திரியா வந்து எடுத்துட்டுப் போக முடியாது, அதனால உயிரா நினைக்கற படத்த மட்டுமாவது டிஸ்க்கா வச்சுக்கங்கன்னுதான் நான் சொல்லுவேன்.

கேள்வி: ஸ்ட்ரீமிங்லயும் 4கே-ன்னுதான் போடறாங்க, டிஸ்க்லயும் 4கே. ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லைங்க. 4கே-ங்கறது புள்ளிகளோட எண்ணிக்கை மட்டும்தான், ஒரு செகண்டுக்கு எவ்ளோ டேட்டா வருதுங்கறதுதான் முக்கியம். நெட்ஃப்ளிக்ஸ் 4கே-க்கு 15 எம்பிபிஎஸ் நெட் இருந்தா போதும்னு சொல்றாங்க, 4கே டிஸ்க்கான அல்ட்ரா ஹெச்டி ப்ளூரே 100 எம்பிபிஎஸ்-க்கும் மேல போகும், ஒரு டிஸ்க்லயே 100 ஜிபி வரைக்கும் பிடிக்கும். இருட்டான சீன் ஒண்ணு போட்டுப் பாருங்க, ஒருத்தர் கையில டார்ச்சோட நடந்து வர்றாருன்னு வைங்க, ஸ்ட்ரீமிங்ல அந்த வெளிச்சத்த சுத்தி இருட்டு படிப்படியா வளையம் வளையமா தெரியும், கருப்புக்குள்ள சின்னச் சின்ன கட்டம் நகரும். நல்ல டிஸ்க்ல அது மெதுவா இருட்டுல கரைஞ்சு போகும். சத்தத்துலயும் அப்படித்தான், டிஸ்க்ல வர்ற டால்பி ட்ரூஹெச்டி எதையும் வெட்டாத ஆடியோ, ஸ்ட்ரீமிங்ல பெரும்பாலும் சுருக்கின ஆடியோதான். சின்ன ஸ்க்ரீன்ல, டிவி ஸ்பீக்கர்ல பார்க்கறவங்களுக்கு இந்த வித்தியாசம் பெருசா தெரியாது, அவங்க கவலப்பட வேண்டாம்.

கேள்வி: டிஸ்க் எத்தன வருஷம் தாங்கும்? பழைய டிவிடி சிலது ஓட மாட்டேங்குது.

வச்சுக்கற விதத்தப் பொறுத்தது. வெயில், ஈரம் படாம நிமிர்த்தி வைங்க, துடைக்கும்போது சுத்திச் சுத்தி துடைக்காம நடுவுலேர்ந்து வெளிப்பக்கமா நேரா துடைங்க. ப்ளூரேல டேட்டா மேல்தளத்துக்கு 0.1 மிமீ ஆழத்துலயே இருக்கறதால அதுக்கு மேல கெட்டியான பூச்சு குடுத்திருக்காங்க, டிவிடியில அந்தப் பூச்சு இல்லாததால சீக்கிரம் கீறல் விழும். எனக்கு டிஸ்க்க விட பிளேயர் பத்திதான் கவல. தனி பிளேயர் கிடைக்கலன்னா டிஸ்க் ட்ரைவ் இருக்கற பிளேஸ்டேஷன் 5-லயே 4கே டிஸ்க்கும் ஓடும், வாங்கும்போது ட்ரைவ் இருக்கற மாடல்தானான்னு பார்த்து வாங்குங்க.