பறை இருக்கும்போது பின்னணி இசை எதற்கு?

கேள்வி: எங்கள் ஏரியா பறைக் குழுவின் ஒத்திகையை போனில் எடுத்து வைத்திருக்கிறேன். வீடியோ கலையாகக் கண்காட்சிக்கு அனுப்ப ஆசை. பறைச் சத்தத்தைக் குறைத்துவிட்டு நல்ல மியூசிக் போடு என்கிறார்கள் நண்பர்கள். போடலாமா?
– வாசகர், வியாசர்பாடி

போடாதீர்கள். கல்யாண வீடியோவுக்குச் செய்கிற வேலை அது. வீடியோ கலையைத் தொடங்கி வைத்தவர்களில் முக்கியமானவரான நாம் ஜுன் பைக் அடிப்படையில் இசை படித்த ஆள். 1963-இல் ஜெர்மனியின் வுப்பர்டாலில் டிவி பெட்டிகளைக் கோளாறாக ஓடவிட்டு அவர் நடத்திய கண்காட்சியின் பெயரிலேயே இசைதான் முன்னால் வரும், தொலைக்காட்சி அப்புறம்தான். காரணம் எளிது. அந்தக் காலத்து வீடியோவில் படமும் ஒலியும் இரண்டுமே மின் அலைதான், ஒன்றை இன்னொன்றுக்குள் திருப்பி விடலாம். வீடியோ கலைஞர் ஸ்டைனா வசுல்கா வயலின் வாசித்தால் அந்த ஒலியே திரையில் அவருடைய உருவத்தை நெளிய வைத்தது அப்படித்தான். அமெரிக்கக் கலைஞர் ஜோன் ஜோனஸ் 1972-இல் எடுத்த 'வெர்டிகல் ரோல்' பாருங்கள், ஆன்டெனா காலத்து டிவி மாதிரி படம் உருண்டுகொண்டே இருக்கும், ஸ்பூனால் தட்டுகிற சத்தம் கூடவே வரும், அந்தத் தட்டல்தான் படத்துக்குத் தாளம்.

உங்களிடம் அதைவிடப் பெரிய தாளம் இருக்கிறது. ஒரே சிக்கல், பறை ஓங்கி அடித்ததும் போன் தானாக ஒலியை அமுக்கிவிடும், அடி நின்றதும் தெருச் சத்தத்தைத் தூக்கிவிடும். ஒலி அளவைக் கையால் வைக்கிற ஆப் போட்டு, கொஞ்சம் தள்ளி நின்று திரும்ப எடுங்கள். பறையைத் தீயில் காட்டிச் சூடேற்றும் கட்டத்தை வெட்ட வேண்டாம். தோல் இறுக இறுகச் சத்தம் மாறுவது காதுக்குத் தெரியும், எனக்கென்னவோ மொத்த வீடியோவும் அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: நான் மேடையில் ஆடும்போது பின்னால் வீடியோ ஓடினால் எல்லாரும் திரையைத்தான் பார்க்கிறார்கள். என்ன செய்வது?
– வாசகி, ராயபுரம்

பார்க்கத்தான் செய்வார்கள், வெளிச்சம் அங்கே இருக்கிறதே! 1965-இல் அமெரிக்க நடனக் கலைஞர் மெர்ஸ் கன்னிங்ஹாமின் குழு 'வேரியேஷன்ஸ் ஃபைவ்' ஆடியபோது மேடையில் ஆன்டெனாக்களும் ஒளி உணரும் கருவிகளும் இருந்தன, ஆடுகிறவர்கள் அசைந்தால் இசையமைப்பாளர் ஜான் கேஜ் தரப்பின் ஒலி மாறும், பின்னால் படமும் ஓடும். கண் சிதறட்டும் என்று தெரிந்தே செய்தது அது. உங்களுக்கு அது வேண்டாமென்றால் பெரிய திரையை விட்டுவிட்டு, தரையில் ஒரு பழைய டிவியை வைத்து உங்கள் பாதத்தை மட்டும் நேரலையில் காட்டிப் பாருங்கள். கேமராவுக்கென்றே ஆடுவதானால் இன்னொன்று: மேடை முன்பக்கம் அகலம், கேமராவுக்கு முன்பக்கம் குறுகல், பின்னால் போகப் போகத்தான் விரியும். அடவுகளை அதற்கேற்ப மாற்றி அமைக்க வேண்டும்.

கேள்வி: சாவு ஊர்வலத்தில் ஆடுகிறவர்களை எடுக்கலாமா?
– வாசகர், காசிமேடு

வீட்டாரிடம் கேட்காமல் கூடாது. அவர்கள் சரி என்றாலும் ஆடுகிறவர்களிடம் தனியாகக் கேளுங்கள், கண்காட்சியில் பணம் வந்தால் பங்கு எவ்வளவு என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.