கருமணலும் முக்கியக் கனிமங்களும் (கடிதம்)

அன்புள்ள அண்ணனுக்கு,

நம் கடற்கரைக் கருமணலில் உள்ள கனிமங்கள் நாட்டின் முக்கியக் கனிமங்கள் பட்டியலில் இருக்கின்றனவாம். இரும்பு அதில் இல்லை. எதை வைத்து இதை முடிவு செய்கிறார்கள்?

ச., நீரோடி

அன்புள்ள ச.,

இரும்பு இல்லாததிலேயே பதில் இருக்கிறது. ஒரு கனிமம் எவ்வளவு தேவை என்பதோடு, நாளை அது கிடைக்காமல் போகுமா என்றும் பார்க்கிறார்கள். இரும்புத்தாதுவை நாம் ஏற்றுமதியே செய்கிறோம்.

2022 நவம்பரில் சுரங்க அமைச்சகம் ஒரு குழு அமைத்தது. அது பிற நாடுகளின் பட்டியல்களைப் பார்த்தது. நம் அமைச்சகங்களிடம் தேவையைக் கேட்டது. பிறகு பொருளாதார முக்கியத்துவம், வரத்து தடைப்படும் ஆபத்து என்ற இரண்டுக்கும் கணக்குப் போட்டது. உற்பத்தி எத்தனை நாடுகளின் கையில் இருக்கிறது, மாற்றுப் பொருள் உண்டா, பழைய பொருள்களிலிருந்து அதை மீட்க முடியுமா என்பதெல்லாம் அந்த ஆபத்துக் கணக்கில் வரும். 2023 ஜூனில் 30 கனிமங்கள் அறிவிக்கப்பட்டன.

அப்படியானால் நம் கரையிலேயே கிடக்கும் டைட்டானியம் எப்படி அதில் வந்தது? கேரளத்தின் சவறாவிலும் நம் மணவாளக்குறிச்சியிலும் தலைமுறைகளாக இல்மனைட் என்ற டைட்டானியத் தாதுவை எடுக்கிறார்கள். ஆனாலும் அதிலிருந்து செய்யும், பெயின்டுக்கான டைட்டானியம் டை ஆக்சைடை இறக்குமதி செய்கிறோம். அருமண் தனிமங்கள் கதையும் இதுவே. அவை அடங்கிய மோனசைட் என்ற தாது நம் மணலில் உண்டு. அதிலிருந்து வாகன மோட்டார்களுக்கான காந்தம் வரை போகும் தொழில் பெரும்பாலும் சீனாவில். 2025 ஏப்ரலில் சீனா இவற்றின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டதும் நம் வாகனத் தொழில் திணறியது. மண்ணில் குறைவில்லை, ஆலையில்தான் குறை. கூடுதலாகத் தோண்டினால் மட்டும் அது தீராது.

என் ஆதங்கம் வேறு. அந்தக் கணக்கில் கரையில் குடியிருப்பவர்களுக்கு இடமே இல்லை. கடலரிப்பும் மோனசைட்டில் உள்ள தோரியத்தின் கதிர்வீச்சும் சுரங்கத்துக்கு அனுமதி தரும் முன் நடக்கும் மக்கள் கருத்துக்கேட்பில்தான் பேசப்பட வேண்டும். நம் குமரி மாவட்டக் கிள்ளியூர் வட்டத்தில் 1144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்துக்கு 2024-ல் அறிவித்த கருத்துக்கேட்பு, மக்கள் எதிர்ப்பால் தள்ளிப்போனது. 2025 செப்டம்பரில், முக்கியக் கனிமச் சுரங்கங்களுக்கும் தோரியம் போன்ற அணுக்கனிமங்களின் சுரங்கங்களுக்கும் கருத்துக்கேட்பே வேண்டாம் என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் விலக்கு அளித்துவிட்டது. தொழிலின் பற்றாக்குறையை அளக்கப் போட்ட பட்டியலைக் காட்டி நம் வாயை அடைப்பது அநியாயம்.

உங்கள் தேவாலயப் பங்குப் பேரவையில் இதைப் பேசுங்கள். பட்டியலோடு மல்லுக்கட்ட வேண்டாம். பறித்த கருத்துக்கேட்பைத் திரும்பக் கொடு என்பதையே தீர்மானமாக எழுதி மாவட்ட ஆட்சியருக்கும் அமைச்சகத்துக்கும் அனுப்புங்கள்.